மே மாத மீன்கள்: கைவேலை கேள்வி பதில்

பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லித்தருவது என் வேலை. இந்தக் கோடை விடுமுறைக்கு மீனை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்த வயதுப் பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்று கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். யூடியூபில் பார்த்தது போலவே வர வேண்டும் என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் இல்லை. அது பெரியவர்கள் செய்த மீன். பிள்ளை செய்தால் அப்படி வராது, வரவும் வேண்டாம்.

கேள்வி: வீட்டில் இரண்டு, ஐந்து, எட்டு வயதில் மூன்று பேர். ஆளுக்கொரு வேலை தேடித் தேடி எனக்கே அலுத்துவிட்டது, அக்கா. மூவருக்கும் சேர்த்து ஏதாவது சொல்லுங்கள். (திருச்சி)

ஒரே மீனாகச் செய்யுங்கள், பெரிதாக. ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ வந்த அட்டைப்பெட்டி இருந்தால் பிரித்துத் தரையில் போட்டு, ஓர் ஆள் நீளத்துக்கு மீன் வரைந்து வெட்டிவிடுங்கள். அந்த வேலை உங்களுடையது. அப்புறம் கையை எடுத்துவிட வேண்டும்.

இரண்டு வயதுக்குக் கிழிப்பதுதான் வேலை. நாளிதழ், கலர்த் தாள் எதையாவது கொடுங்கள். ஒரு கையை முன்னேயும் இன்னொன்றைப் பின்னேயும் இழுத்துக் கிழிக்கத் தெரிவதே அந்த வயதில் பெரிய விஷயம். நாளைக்குக் கத்தரிக்கோல் பிடிக்கப்போவதும் அதே விரல்கள்தான். கிழித்ததெல்லாம் மீனின் வயிற்றுக்கு.

ஐந்து வயது செதில் வெட்டட்டும். வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளைவிட நல்ல சரக்கு இதற்குக் கிடையாது. கெட்டி அட்டை, பொன் மினுமினுப்பு, செலவும் இல்லை. (சாமி படம் போட்ட பக்கத்தை வெட்ட பாட்டி விடமாட்டார். முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.) பாட்டில் மூடியை வைத்து வட்டம் வரைந்து கொடுத்தால் போதும். வட்டம் கோணலாக வந்தாலும் ஒட்டியபின் பாதி மறைந்துவிடும்.

எட்டு வயதுக்கு ஒட்டும் பொறுப்பு. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். வாலில் ஆரம்பித்துத் தலைப் பக்கம் வர வேண்டும், கூரைக்கு ஓடு போடுபவர் கீழிருந்து மேலே போவது போல. மீனின் உடம்பில் செதிலின் திறந்த விளிம்பு வாலைப் பார்த்து இருக்கும். தலையிலிருந்து ஒட்டிக்கொண்டு போனால் பின் வரிசை முன் வரிசையின் நுனியை மூடிவிடும். மீன் கடைக்காரர் செதில் எடுக்கக் கத்தியை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் இழுக்கிறார் என்று பையனைப் பார்க்கச் சொல்லுங்கள். வாலிலிருந்து தலைக்கு. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

நிறம் தீட்டுவதாக இருந்தால் முதுகைக் கருநீலமாகவும் வயிற்றை வெளிறலாகவும் விடுங்கள். கடல் மீன்கள் பலவும் அப்படித்தான். மேலிருந்து பார்க்கும் பறவைக்கு முதுகு இருண்ட தண்ணீரோடு கலந்துவிடும். கீழிருந்து பார்க்கும் பெரிய மீனுக்கு வயிறு வானத்து வெளிச்சத்தோடு கலந்துவிடும்.

கேள்வி: மூன்று வயது. பசை, கலர் எல்லாம் வாய்க்குத்தான் போகிறது. என்ன பசை கொடுப்பது?

மைதாப் பசை. அரை கப் மைதாவை ஒன்றரை கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். பளபளப்பாகக் கெட்டியானதும் இறக்கி ஆறவையுங்கள். ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம், புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். சுவரொட்டி ஒட்டுபவர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், வீட்டுப் பசையில் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். கலருக்கு பீட்ரூட் சாறு, மஞ்சள். மஞ்சள் கறை தரையிலிருந்து போகாது, கீழே பழைய துணி விரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காந்தத் தூண்டில் விளையாட்டு செய்யலாமா? ஆறு வயது மகனுக்கு. தங்கைக்கு ஒன்றரை வயது. (கோயம்புத்தூர்)

தங்கை இருக்கும் வீட்டில் காந்தம் வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கிவிட்டால், குடலின் மடிப்புகளை நடுவில் வைத்துக்கொண்டு ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். அறுவை சிகிச்சை வரை போகும். மீன் வாயில் மாட்டும் ஜெம் கிளிப்பும் ஒன்றரை வயதுக்கு ஆபத்துதான்.

தையல் சாமான் கடையில் வெல்க்ரோ கேளுங்கள். ஒரு பாதியைத் துணி மீனின் வாயில் தைத்துவிடுங்கள். மறுபாதியை எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய துணி உருண்டையில் தைத்து நூலில் கட்டிவிடுங்கள். நாளிதழை இறுக்கிச் சுருட்டினால் தூண்டில் கழி. நூல் ஒரு சாண் நீளத்துக்கு மேல் வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். ஆட்டம் முடிந்ததும் தூண்டிலை எடுத்து மேலே வைத்துவிடுங்கள்.

கேள்வி: என் பையனுக்கு ஏழு வயது. சுறா தவிர எதையும் செய்யமாட்டேன் என்கிறான்.

நல்லதாயிற்று. ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் வாங்கிக் கொடுங்கள். கருப்பாக வரும் வாட்டர் பேப்பர் என்றால் இன்னும் பொருத்தம். சுறாவுக்குச் சாதாரண மீன் செதில் கிடையாது. தோல் முழுக்கப் பல் மாதிரி நுண்ணிய முட்கள் இருக்கும். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழவழப்பு, எதிர்ப்பக்கம் தடவினால் சொரசொரப்பு. உப்புத்தாளைப் பின்பக்கத்தில் வரைந்து பழைய கத்தரிக்கோலால் நீங்கள் வெட்டுங்கள், புதியது மழுங்கிவிடும். செவுள் பிளவு ஐந்து கோடுகள். வால் செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்கைவாட்டில் வைத்தால் அது டால்பின், மீனே இல்லை. ஏழு வயதுச் சுறா ரசிகர்கள் இந்த விஷயத்தில் நம்மை விடமாட்டார்கள்.

கேள்வி: நிஜ மீனில் மை தடவி அச்செடுக்கும் ஜப்பானிய முறை பற்றிக் கேள்விப்பட்டேன். எந்த மீன் வாங்குவது? (நாகர்கோவில்)

கியோட்டாக்கு என்பார்கள். பிடித்த மீனின் அளவைப் பதிந்து வைக்க ஜப்பானிய மீன்பிடிப்பாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் செய்தது. எட்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடல் மீன் விலை ஏறிக் கிடக்கும். ஏரி, அணைக்கட்டு ஜிலேபி வாங்குங்கள். தட்டை உடம்பு, பெரிய செதில், விரியும் முதுகுத் துடுப்பு, விலையும் குறைவு. "செதில் எடுக்காதீங்க, வெட்டாதீங்க" என்று கடையிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கை தானாக வெட்டிவிடும். கெளுத்தி வேண்டாம், செதில் கிடையாது.

உப்புத் தேய்த்துக் கழுவி வழவழப்பைப் போக்கி, துணியால் நன்றாக ஈரம் ஒற்றுங்கள். ஈரம் இருந்தால் அச்சு கசியும், கெடுவது பெரும்பாலும் இங்கேதான். முதுகு முள் குத்தும், துடுப்பை நீங்கள் விரித்துப் பிடியுங்கள். கலரை மெல்லிசாகத் தடவி, மெல்லிய தாளைப் போர்த்தி, தலையிலிருந்து வாலுக்கு விரலால் நீவச் சொல்லுங்கள். கண்ணை மட்டும் பிறகு வரைந்துகொள்ளலாம்.

கலர் பட்ட மீனைச் சமைக்கக் கூடாது. மீனை வீணாக்க மனமில்லையா? கலருக்குப் பதில் மஞ்சள் தூளைக் கெட்டியாகக் குழைத்துத் தடவுங்கள். அச்சு மங்கலாகத்தான் விழும். ஆனால் சீக்கிரம் முடித்து, கழுவி, அப்படியே குழம்புக்கு அனுப்பிவிடலாம்.

கேள்வி: நாங்கள் சைவம். மீனைத் தொடாமல் செதில் அச்சு போட வழி உண்டா, டீச்சர்?

வாழை மட்டை இருக்கிறதே. குறுக்கே வெட்டினால் பிறை வடிவம், உள்ளே கண்ணறை கண்ணறையாக. கலரில் தொட்டு வரிசையாக அழுத்தினால் அச்சு அசல் செதில். இரண்டரை வயதுப் பிள்ளையும் செய்யும். வாழைச்சாற்றுக் கறை துணியில் போகாது, பழைய சட்டை போட்டுவிடுங்கள்.

கேள்வி: மொட்டைமாடியில் பறக்கவிடுகிற மாதிரி ஏதாவது? ஆறும் ஒன்பதும். (சென்னை)

மே 5, ஜப்பானில் குழந்தைகள் தினம். கெண்டை மீன் வடிவத்தில் துணிக் குழாய் செய்து கம்பத்தில் பறக்கவிடுவார்கள். கொயினோபோரி என்று பெயர். இப்போது பொதுவாகப் பெரிய கருப்பு மீன் அப்பா, சிவப்பு அம்மா, சின்னவை பிள்ளைகள்.

தாள் கிழிந்துவிடும், பழைய வேட்டித் துண்டு எடுங்கள். இரண்டாக மடித்து நீளவாக்கில் தைத்தால் குழாய். வாயில் கட்டுக்கம்பியை வளையமாக வைத்துத் தைக்க வேண்டும், வாய் சுருங்கினால் காற்று புகாது. வால் பக்கமும் திறந்தே இருக்கட்டும். வாலை மூடித் தைத்தால் தலையணை உறை மாதிரி உப்பி நிற்குமே தவிர நெளியாது. வளையத்தில் மூன்று நூல் கட்டி ஒன்றாக முடிந்து கொடிக்கம்பத்தில் கட்டுங்கள். சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று வரும், ஐந்து மணிக்குப் போனால் தரையும் சுடாது. மாடியில் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

கேள்வி: பத்து வயது மகளுக்கு இதெல்லாம் "பேபி வேலை"யாம். (மதுரை)

மதுரையில் இருந்துகொண்டு வேறெங்கே போவது? பாண்டியர் காசு செய்யச் சொல்லுங்கள். சங்ககாலப் பாண்டியர் செப்புக் காசுகள் பல சதுரமானவை. ஒரு பக்கம் யானை போன்ற உருவம், மறுபக்கம் சில கோடுகளிலேயே முடிந்துவிடும் மீன். அட்டையைச் சதுரமாக வெட்டி, சணலைப் பசையில் தோய்த்து மீன் கோடாக ஒட்டி, காய்ந்ததும் அலுமினியத் தாளைப் போர்த்தி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஓரங்களை அழுத்தினால் மீன் புடைத்து வரும். பழுப்பு ஷூ பாலிஷைத் தடவித் துடைத்தால் மண்ணுக்குள் கிடந்த காசு தயார். கோடுகளைக் குறைத்து மீன் காட்டுவது எளிதில்லை, அவளுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: ஒட்டுகிற ஆடும் கண்கள் வாங்கலாமா?

மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். பிய்த்து விழுங்குவார்கள். பேனாவால் போட்ட புள்ளி போதும்.

கேள்வி: நான்கு வயது மகள் எப்போதும் மீனுக்கு இரண்டு கண்ணையும் ஒரே பக்கம் வரைகிறாள். சொல்லித் திருத்தலாமா?

வேண்டவே வேண்டாம். நாக்கு மீனுக்கு அப்படித்தான் இருக்கும். குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் கண், வளரும்போது ஒன்று மறுபக்கம் நகர்ந்துவிடும். அப்புறம் ஒருக்களித்துக் கடல் தரையில் படுத்தே வாழும். தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் போவதால் கரையோர மீன் சந்தைக்கு வரும். காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டுப் பாருங்கள். வரைந்த தாளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், மீன்காரம்மாவுக்குக் காட்டாமல் அவள் திரும்பமாட்டாள்.