இரண்டாம் ஆண்டு பொறியியல் மாணவர் ஜப்பானிய மொழி படிக்கலாமா?

ஆங்கிலமே இன்னும் சரளமாக வராத மகனை ஜப்பானிய வகுப்பில் சேர்த்தால் இரண்டும் குழம்பிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். குழம்பாது, தாராளமாகச் சேருங்கள். ஆனால் என்3 (N3) என்ற நடு நிலை வரை போவது என்று முடிவு செய்துவிட்டுச் சேருங்கள். ஜே.எல்.பி.டி. (JLPT) என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்5 தொடக்க நிலை, என்1 உச்சம். என்5 சான்றிதழோடு நின்றுவிட்டால் ஜப்பானிய நிறுவன நேர்காணலில் அதற்குப் பெரிய மதிப்பு இருக்காது.

தமிழ் பேசுபவருக்கு இந்த மொழியில் நல்ல வசதி உண்டு. வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். ஐ, இல், கு என்று நாம் பெயருக்குப் பின்னால் ஒட்டுவதைப் போல அங்கேயும் ஓ, தே, நி பின்னால்தான் வரும். ஆங்கிலம் வழியாகப் படித்தால் வாக்கியத்தை இரண்டு முறை புரட்ட வேண்டியிருக்கும். இலக்கணக் குறிப்புகளை அவர் தமிழிலேயே எழுதட்டும். குறில், நெடில் வேறுபாடும் நமக்குப் பழக்கம்: ஒபசன் என்றால் அத்தை, ஒபாசன் என்றால் பாட்டி. உச்சரிப்பை மட்டும் தமிழ் எழுத்தில் குறிக்க வேண்டாம். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உரிய இரு சொற்களையும் 'கின்' என்றுதான் எழுத முடியும். முதல் ஒலியோ வேறு. ஹிரகனா, கதகனா என்ற இரண்டு ஒலியெழுத்து வரிசைகளிலும் உள்ள தலா 46 எழுத்துகளை முதல் மூன்று வாரத்தில் முடித்துவிட வேண்டும்.

தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும், சென்னையிலேயே எழுதலாம். இந்த டிசம்பரில் என்5, வரும் ஜூலையில் என்4, அதற்கடுத்த ஜூலையில் என்3 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கட்டத்துக்கு ஓராண்டு விடுவது காஞ்சி (kanji) எனப்படும், சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்துகளுக்காக. என்4 நிலையில் ஏறத்தாழ 300 தெரிந்திருப்பார், என்3க்கு 650 வரை வேண்டும். நாளுக்கு இரண்டு புது எழுத்து, பழையவற்றைத் திரும்ப எழுதிப் பார்ப்பது, எல்லாம் சேர்ந்து தினமும் ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் புதன்கிழமைக்குள் பாதி மறந்துபோகும்.

என்3இல் 180க்கு 95 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் மூன்று பகுதியிலும் தனித்தனியாக 60க்கு 19 வேண்டும். மொத்தம் போதுமான அளவு எடுத்தும் கேட்டல் பகுதியில் சறுக்கித் தோற்பவர்கள் உண்டு. ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். அதனால் அந்த ஒரு மணி நேரத்தில் 15 நிமிடமாவது காதுக்குப் போகட்டும். இன்னொரு குறை, இந்தத் தேர்வில் பேச்சு கிடையாது. என்3 முடித்தும் நேர்காணலில் வாய் திறக்க முடியாமல் தவிப்பது அதனால்தான். இரண்டு நிமிட சுய அறிமுகம் ஒன்றைத் தயார்செய்து, வாரம் ஒருமுறை போனில் பதிவுசெய்து, ஆசிரியரிடம் திருத்தம் கேட்கச் சொல்லுங்கள்.

மொத்தக் கட்டணத்தையும் முதலிலேயே கட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு நிலையாகக் கட்டுங்கள். என்3 வகுப்பை யார் எடுக்கிறார், இப்போது நடக்கிறதா என்று நேரில் கேளுங்கள். மகனுக்கு அரியர் இருந்தால் முதலில் அதை முடிக்கட்டும். மொழி வகுப்பு ஒரு செமஸ்டர் காத்திருக்கலாம்.