பழைய காரைத் திருத்தி விற்பதா, அப்படியே விற்பதா?

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "1998 ஆம் ஆண்டு டொயோட்டா கொறொல்லா 110, பெற்றோல். டப்பட் கவரால் ஒயில் வடியுது. முழுசா வெட்டித் திருப்பினா முன்பக்கம் 'டக் டக்' எண்டு சத்தம். ஏசி குளிரில்லை, கதவின்ர அடிப்பக்கம் கறள். புரோக்கரிட்டக் குடுக்காம நானே விக்கப் போறன். எல்லாத்தையும் செய்துபோட்டு விக்கிறதோ?"

எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். ஒயில் கசிவையும் சத்தத்தையும் திருத்துங்கள். ஏசியையும் கறளையும் தொடாதீர்கள். வாங்க வருபவர் விலையைக் குறைப்பது திருத்தச் செலவை மட்டும் பார்த்தல்ல. தன் கண்ணுக்குப் படாமல் இன்னும் என்ன பழுது இருக்குமோ என்ற பயத்துக்கும் சேர்த்துத்தான் கழிப்பார். அந்தப் பயத்தைப் போக்கும் வேலைக்கு மட்டும் காசைச் செலவழியுங்கள்.

டப்பட் கவர் என்பது என்ஜினின் மேல்மூடி; அதன் அடியில் கசிவைத் தடுக்கும் காஸ்கற் மலிவான சாமான். அதை மாற்றும்போதே பிளக் குழிகளைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்களையும் மாற்றச் சொல்லுங்கள். அவை கசிந்தால் குழிக்குள் ஒயில் நின்று என்ஜின் 'மிஸ்' அடிக்கும். கவரை அளவுக்கு மேல் இறுக்கினால் காஸ்கற் நசிந்து திரும்பவும் கசியும். திருத்தியபின் ஒரு கிழமையாவது ஓடி, கசிவு இல்லையென்று உறுதிசெய்துவிட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். காட்டுவதற்கு முதல்நாள் என்ஜினைப் பளபளவென்று கழுவி வைப்பவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் விஷயம் தெரிந்தவர் நினைப்பார்.

'டக் டக்' சத்தம் பெரும்பாலும் முன் அக்சிலின் வெளிப்பக்க சிவி ஜொயின்ற், அதாவது சில்லு திரும்பும்போதும் அதற்குச் சுழற்சியைக் கொடுக்கும் மூட்டு. கிரவல் வீதிகளில் அதன் ரப்பர் பூட் கிழிந்தால் கிறீஸ் வெளியேற, புழுதி உள்ளே போய்க் குண்டுகளைத் தின்னும். சத்தம் தொடங்கியபின் பூட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஜொயின்றையே மாற்ற வேண்டும். எந்தப் பக்கம் என்று அறிய, வெறும் வளவில் ஸ்டியரிங்கை முழுதாக வெட்டி, மெதுவாக அக்சிலேற்றர் கொடுத்து இரண்டு பக்கமும் சுற்றிப் பாருங்கள். வட்டத்தின் வெளிப்புறச் சில்லில்தான் சத்தம் கூடுதலாகக் கேட்கும். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் 'கடக்' என்றால் அது வேறு: லோவர் ஆம் புஷ், போல் ஜொயின்ற் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று றேடியேற்றர். வன்னியில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு றேடியேற்றரின் குழாய்களிலும் படிந்து அடைக்கும்; என்ஜின் அளவுக்கு மேல் சூடாகி, ஹெட் காஸ்கற் (என்ஜினின் தலைப்பகுதிக்கும் உடற்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்பு) பழுதாகும் வரைக்கும் கொண்டுபோய் விடும். என்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் செங்காவியாக இருந்தால் கழுவி, கூலன்ரும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்து விடுங்கள். தண்ணீரில் ஒயில் மிதந்தாலோ, ஸ்ராட் பண்ணியதும் விடாமல் குமிழி வந்தாலோ ஹெட் காஸ்கற் சந்தேகம். அப்போது மெக்கானிக்கிடம் உறுதிப்படுத்திக்கொண்டு, வருபவரிடம் சொல்லியே விலை பேசுங்கள். கசிவடைக்கும் மருந்தை ஊற்றி மறைத்து விற்றால் ஊருக்குள் பிறகு முகம் கொடுக்க முடியாது. 'வெக்கையான இடம்தானே' என்று தேர்மோஸ்டாற்றை (சூட்டுக்கேற்பத் தண்ணீரை றேடியேற்றருக்கு விடும் வால்வு) கழற்றி விட்டிருந்தால் திரும்பப் பூட்டுங்கள். அது இல்லாவிட்டால் என்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் பெற்றோலைக் கூடுதலாகக் குடிக்கும், புகைப் பரிசோதனையிலும் தவறும்.

ஒரு நல்ல கராஜில் கொம்பிரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் உண்டாகும் அழுத்தம், பார்த்து எழுதி வாங்குங்கள். என்ஜின் சூடாக, நாலு பிளக்கும் கழற்றி, திரொட்டில் முழுதாகத் திறந்தபடி எடுக்க வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 14 பிஎஸ்ஐக்குள் (பிஎஸ்ஐ என்பது அழுத்த அளவு) நின்றால் நல்லது. அந்தத் துண்டு புதுப் பெயின்றை விட விலை பேசும்.

ஏசிக்கு வாயு மட்டும் அடித்தால், கசிவு அப்படியே இருப்பதால் வாங்கியவருக்குச் சில கிழமைகளில் குளிர் போய்விடும். கறளுக்குப் பட்டி பூசினாலோ, காந்தம் கொண்டுவந்து பார்ப்பார்கள்; பட்டி தடிப்பாக உள்ள இடத்தில் அது ஒட்டாது. இரண்டுக்கும் கராஜில் செலவு மதிப்பீடு எழுதி வாங்கிக் காட்டி, அந்தத் தொகையைக் கழித்து விலை சொல்லுங்கள். ஆள் வரும்போது என்ஜின் ஆறியே இருக்கட்டும், முதல் ஸ்ராட்டை அவர் கண்முன்னே போடுங்கள்.

விலையை இணைய விளம்பரங்களோடு ஒப்பிடும்போது கவனம்: அங்கே இருப்பது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. 2020 இல் வந்த இறக்குமதித் தடையால் ஏறிய விலைகளை மனதில் வைத்தும் கணக்குப் போடாதீர்கள், 2025 இல் கார் இறக்குமதி திரும்பவும் திறந்துவிட்டது. காலபோக நெல் விற்ற காசு கையில் இருக்கும் மாசி, பங்குனியில் இந்தப் பக்கம் வாங்குவோர் கூடுதல்.

விளம்பரம் போடுமுன் பதிவுப் புத்தகத்திலுள்ள சேசிஸ், என்ஜின் இலக்கங்களை வாகனத்தோடு ஒத்துப் பாருங்கள். என்ஜின் மாற்றிப் பதியாமல் விட்டிருந்தால் விற்பனை அங்கேயே நின்றுவிடும். முழு உரித்தாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் இருந்தால் அதை நீக்குவதே முதல் வேலை.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து 'ஓப்பன் பேப்பர்'. வாங்குபவரின் பெயர் போடாத கைமாற்றப் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்தால், கார் நாலு கை மாறினாலும் பதிவில் நீங்கள்தான் உரிமையாளர். விபத்தென்றாலும் மரக் கடத்தலென்றாலும் பொலிஸ் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். 'பிறகு மாத்துறன் அண்ணை' என்ற பேச்சுக்கு இணங்காதீர்கள். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து வையுங்கள்.

காசை வங்கியிலேயே வாங்குங்கள், காசோலை வேண்டாம். ஒப்படைத்த திகதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் ஒப்பமிட்டு, அவரின் அடையாள அட்டைப் பிரதியையும் எடுத்து வையுங்கள். அன்றோ மறுநாளோ கைமாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் அறிவியுங்கள், காப்புறுதிக் கம்பனிக்கும் சொல்லுங்கள். புத்தகம் புதியவர் பெயருக்கு மாறியதை உங்கள் கண்ணால் காணும்வரை அந்தத் தபால் பற்றுச்சீட்டைத் தொலைக்க வேண்டாம்.