குழந்தைக்கு ஊசி: விளையாட்டு எங்கே உதவும்?

குழந்தைகள் வார்டில் பணிபுரியும் செவிலியர் ஒருவர், ஊசிக்குப் பயப்படும் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: நான்கு வயது மகளுக்கு இரத்தம் எடுக்க மூன்று பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது. விளையாட்டுக் காட்டினால் வலி குறையுமா, அழுகை மட்டும் குறையுமா?

பதில்: இரண்டும் குறையும். பயந்து விறைத்திருக்கும் குழந்தைக்கு அதே ஊசி அதிகமாக வலிக்கும். நான் முதலில் எடுப்பது சோப்புக் குமிழிப் புட்டியைத்தான். ஊதும்போது மூச்சு நீளமாக வெளியே போகும். மூச்சை அடக்கிக்கொண்டு உடம்பை இறுக்க முடியாது. பெரிய குமிழி எங்கே போய் உடைகிறது என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊசி உள்ளே போயிருக்கும். ஆனால் கையில் பட்டை கட்டிய பிறகு புட்டியைத் தேடினால் பயனில்லை. அதற்கு முன்பே ஆட்டம் சூடுபிடித்திருக்க வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்து அமுக்கவும் வேண்டாம். உங்கள் மடியில், நெஞ்சோடு நெஞ்சாக உட்காரவைத்துக் கையை மட்டும் எங்களிடம் நீட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: சிஸ்டர், "எறும்பு கடிப்பது போலத்தான்" என்று சொல்லலாமா?

பதில்: எறும்பு கடித்து ஊரைக் கூட்டிய பிள்ளைக்கு அது என்ன ஆறுதல்! "வலிக்காது" என்பதும் வேண்டாம்; அடுத்த முறை உங்களை நம்பமாட்டான். "சுருக்கென்று இருக்கும், சீக்கிரம் முடிந்துவிடும்" போதும். சாப்பிடாத பிள்ளையை "ஊசி போடச் சொல்வேன்" என்று வீட்டில் மிரட்டிவிட்டு எங்களிடம் அழைத்து வருகிறீர்களே, அதை முதலில் நிறுத்துங்கள்.

கேள்வி: மூன்றரை மாதக் குழந்தைக்குத் தடுப்பூசி. இந்த வயதில் என்ன விளையாட்டு?

பதில்: தாய்ப்பால்தான். ஊசிக்குச் சற்று முன்பிருந்தே கொடுங்கள். உலக சுகாதார நிறுவனமும் 2015-இல் இதையே பரிந்துரைத்தது. வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து இருந்தால் அதை முதலில் கேளுங்கள், இனிப்பாக இருக்கும். அதிகம் வலிக்கும் ஊசி கடைசியில்.

கேள்வி: ஏழு வயது மகனுக்குத் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய். மாதந்தோறும் இரத்தம் ஏற்றுகிறோம். முதல் நாள் இரவே அழத் தொடங்கிவிடுகிறான், அக்கா.

பதில்: இவனுக்குக் கவனத்தைத் திருப்பும் விளையாட்டு மட்டும் போதாது. அவனை டாக்டராக்குங்கள். ஒரு துணிப் பொம்மை, பஞ்சு, பிளாஸ்டர், வார்டில் கேட்டு வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சு. அவன் பொம்மைக்குப் போடட்டும், திட்டட்டும், கட்டட்டும், குறுக்கே பேசாதீர்கள். எதற்குப் பயப்படுகிறான் என்பது அங்கே வெளிவரும். கையில் ஊசி நாள் முழுக்கக் குத்திக்கொண்டே இருக்கிறது என்று நினைக்கும் பிள்ளைகள் நிறைய. ஊசியை உருவி எடுத்துவிடுவோம், உள்ளே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் குழாய்தான் என்று காட்டினால் பாதி பயம் போய்விடும்.

"போட்டுக்கொள்கிறாயா?" என்று மட்டும் கேட்காதீர்கள்; அதில் அவன் மறுக்க வழியில்லை. எந்தக் கை, பார்ப்பதா திரும்பிக்கொள்வதா என்று கேளுங்கள். மரத்துப்போகச் செய்யும் லிடோகைன்–பிரிலோகைன் களிம்பு பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும்.

கேள்வி: கைப்பேசி?

பதில்: தாராளமாக. வெறுமனே பார்க்கும் வீடியோவைவிட அவனே ஆடும் விளையாட்டு நல்லது.

கேள்வி: ஊசியைப் பார்த்தால் எனக்கே தலைசுற்றும். அப்பா உடன் இருந்தே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். பாட்டியோ சித்தியோ மடியில் வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் வெளியே உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். இரண்டு பேரை ஒரே நேரத்தில் எங்களால் தாங்கிப்பிடிக்க முடியாது.