ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரில் குடித்தனம்

உங்கள் கணவருக்கு ரெசிடென்சி என்னும் மருத்துவப் பயிற்சி முடிகிறது, டாக்டர் பற்றாக்குறையுள்ள ஊரில் மூன்று வருஷம் வேலை பார்க்கும் வெளிநாட்டு டாக்டர்களைப் பயிற்சி முடிந்ததும் நாடு திரும்ப வேண்டும் என்ற விசா நிபந்தனையிலிருந்து விடுவிக்கும் கான்ராட் 30 திட்டம் வழியாக மேற்கு கன்சாஸில் ஒரு சின்னஞ்சிறு ஊர் மருத்துவமனையில் வேலை வந்திருக்கிறது, மூன்று வயதுப் பிள்ளையோடு அங்கே காலம் தள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் தங்கச்சி. நாங்களும் அதே வழியில் இந்தப் பக்கம் வந்தவர்கள்தான். மூன்று வருஷ ஒப்பந்தம் முடிந்தும் கிளம்ப மனசு வரவில்லை. அவருக்கு வேலையிலேயே பொழுது போய்விடும். உங்கள் பகல்பொழுதுக்கு என்ன வழி என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

அதில் விசாவும் அடக்கம். அவருடைய பயிற்சி விசாவோடு சேர்ந்து உங்களுக்குக் கிடைத்த ஜே-2 விசாவில் இருக்கும்வரை அனுமதி அட்டை வாங்கி நீங்கள் வேலை பார்க்கலாம். அவர் ஹெச்-1பி என்னும் வேலை விசாவுக்கு மாறினால் நீங்கள் அதன் துணை விசாவான ஹெச்-4க்கு மாறிவிடுவீர்கள். பொதுவாக அவருடைய ஐ-140க்கு, அதாவது கிரீன் கார்டுக்கான மனுவுக்கு, ஒப்புதல் வந்த பிறகுதான் அதில் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். அதனால் கிரீன் கார்டு வேலையை எந்த மாதம் தொடங்குவார்கள் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கப் பாருங்கள். இந்த ஊர்களுக்கு டாக்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. தயங்காமல் கேளுங்கள்.

ஊர் எப்படி இருக்கும்? கொலராடோ எல்லையோரம் உள்ள கிரீலி கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) 2020 கணக்கெடுப்பின்படி மொத்தமே 1,284 பேர். கவுண்டிக்கே அவ்வளவுதான். எங்கள் ஊரும் ஏறக்குறைய அப்படித்தான்: ஒரு மளிகைக்கடை, ஒரு பெட்ரோல் பங்க், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், தூரத்திலிருந்தே தெரியும் எலிவேட்டர் என்னும் உயரமான தானியக் கிடங்கு. தீயணைப்பு வண்டியை ஓட்டுவது ஊர்க்காரர்களே, சம்பளமில்லாமல். எல்லையோர நான்கு கவுண்டிகளுக்கு மட்டும் மலைநேரம் (மவுண்டன் டைம்), மற்ற கன்சாஸைவிட ஒரு மணி நேரம் பின்னால். கிழக்கே அடுத்த கவுண்டி பல் டாக்டர் பத்து மணிக்கு வரச்சொன்னால் நம் கடிகாரத்தில் அது ஒன்பது.

தனிமையாக இருக்குமே என்று பயப்படுகிறீர்கள். இங்கே யாரும் உங்களைத் தனியாக விடமாட்டார்கள். எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைப்பார், நீங்களும் தூக்குங்கள். குடிவந்த வாரமே சாப்பாடு வந்து சேரும். பெரும்பாலும் மாட்டிறைச்சி இருக்கும், சாப்பிடாதவர்கள் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சர்ச்சுக்குக் கூப்பிடுவார்கள். வழிபாட்டுக்குப் போகாமல், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்துக்கு மட்டும் நான் போவேன், அதற்கும் மரியாதை குறையவில்லை. ஒரே சங்கடம், மளிகைக்கடை வரிசையில் நின்றுகொண்டு ரத்தப் பரிசோதனை முடிவைப் பற்றி உங்கள் கணவரிடம் கேட்பார்கள். கிளினிக்கில் பேசலாம் என்று சிரித்தபடி சொல்ல அவர் பழகிக்கொள்ளட்டும்.

நான் கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டில் வளர்ந்தவள். அமெரிக்காவில் சோளம் (மக்காச்சோளம் இல்லை) அதிகம் விளைவது கன்சாஸில்தான் என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. மைலோ என்பார்கள். நம்மூர்ச் சோளம்போல் ஆளுயரம் இல்லை, இடுப்பளவுதான். செப்டம்பர் கடைசியில் கதிரெல்லாம் செங்கல் நிறமாகிவிடும். அது மாட்டுத் தீவனத்துக்கும் எத்தனாலுக்கும் போகிறது. மருந்து கலந்த விதையில்லையே என்று கேட்டுக்கொண்டு, பக்கத்துப் பண்ணைக்காரரிடம் ஒரு வாளி வாங்கி, புடைத்து, உளுந்தோடு ஊறவைத்து அரைத்து தோசை வார்த்துக் கொடுத்தேன். ஆயுசு முழுக்க மைலோ விதைத்த மனுஷன், அன்றைக்குத்தான் முதன்முதலாக அதை வாயில் வைத்தார். இரண்டாவது கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் எங்களுக்கு அந்நியம் என்பதே போய்விட்டது.

மெய்யான கஷ்டம் தூரம்தான். இந்த மாதிரி மருத்துவமனைகளில் அதிகபட்சம் 25 படுக்கை; பல இடங்களில் பிரசவம் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். இன்னொரு பிள்ளை பெறும் எண்ணமிருந்தால் எங்கே போக வேண்டிவரும் என்று இப்போதே கேளுங்கள். பனிப்புயலில் ஐ-70 நெடுஞ்சாலையையே கேட் போட்டு மூடிவிடுவார்கள். வண்டியில் கம்பளி, தண்ணீர், மண்வெட்டி எப்போதும் இருக்கட்டும். அந்திநேரம் மான் குறுக்கே பாயும். வீடு பார்க்கும்போது பேஸ்மெண்ட் உள்ளதாகப் பாருங்கள். சூறாவளிச் சங்கு ஊதினால் அங்கேதான் இறங்க வேண்டும். கொத்தமல்லி, பச்சைமிளகாய்க்குப் பஞ்சமில்லை, மெக்சிகோக்காரர்கள் இருக்கிறார்கள். உளுந்து, கறிவேப்பிலை வாங்க டென்வர்வரை போவோம். பெரிய ஃப்ரீசர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

வாராவாரம் தமிழ்க் குடும்பங்களோடு கூடிப் பேசினால்தான் மனசு ஆறும் என்பவராக இருந்தால், வேண்டாம் என்றே சொல்வேன். அதில் குறை ஒன்றுமில்லை.

கையெழுத்துக்கு முன் ஒருமுறை ஊரைப் பார்த்து வாருங்கள். ஜூனில் கோதுமை அறுவடை சமயத்தில் எந்த ஊரும் அழகுதான், பிப்ரவரியில் போங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய், டேகேரில் இடம் இருக்கிறதா என்று நேரில் கேளுங்கள். பல ஊர்களில் வீடு கிடைப்பதைவிட அதுதான் கடினம். இல்லையென்றால் மருத்துவமனையே ஏற்பாடு செய்து தருமா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.