கத்தரிக்காயைத் திருப்பி அனுப்பிய ஆயா

அன்புள்ள ஐயா,

மகள் படிக்கும் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். சத்துணவுக்கு இயற்கை முறையில் விளைந்த காய்கறிதான் வாங்க வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். "முட்டை சின்னதா வருது, முதல்ல அதைக் கேளுங்க" என்று மற்ற அம்மாக்கள் பேச்சை முடித்துவிட்டார்கள். பாதிப்பேர் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். தென்கொரியப் பள்ளிகளில் இது நடக்கிறதே, நம் பெற்றோருக்கு எப்படி விழிப்புணர்வு ஊட்டுவது? சான்றிதழ் உள்ள காய் எங்கே கிடைக்கும்?

க., ஈரோடு மாவட்டம்

அன்புள்ள க.,

பல ஊர்களில் மேலாண்மைக் குழுக் கூட்டம் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. நீங்கள் எழுந்து பேசியிருக்கிறீர்கள், மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஆனால் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களுக்குப் பூச்சிமருந்தைப் பற்றி நீங்கள் பாடம் எடுக்கப் போகிறீர்களா? இந்த எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

எண்பதுகளில் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவன் நான். ஒருநாள் ஊர்ப் பெரியவர் ஒருவர் எங்கள் பள்ளிக்கு ஒரு கூடை கத்தரிக்காய் கொடுத்தனுப்பினார். பளபளவென்று, ஒரு புழு ஓட்டைகூட இல்லாத காய். சமையல் ஆயா ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். "முந்தாநேத்துதான் எங்க வூட்டுக்காரரு அந்தக் காட்டுல மருந்தடிச்சாரு. புள்ளைங்களுக்கு ஆகாது" என்று கூடையைத் திருப்பி அனுப்பிவிட்டார். எங்களுக்கு அன்று முருங்கைக்கீரை சாம்பார். ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. மருந்தடித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதைக் கணவரின் கண்ணெரிச்சலிலும் வாந்தியிலும் தெரிந்துகொண்டவர்.

2013 ஜூலையில் பீகாரில் சாப்ரா அருகே பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் செத்துப்போனார்கள். எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. எண்ணெய் சரியில்லை என்று சமைத்த பெண் சொல்லியும், தலைமையாசிரியை அதிலேயே சமைக்கச் சொன்னதாகச் செய்திகள் வந்தன. அடுப்படியில் நிற்பவள் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். நீங்களும் அதையே செய்யாதீர்கள்.

தென்கொரியா இருக்கட்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் இலவச உணவு தருவதை எதிர்த்து நடத்திய வாக்கெடுப்பு கைகொடுக்காமல் 2011இல் தலைநகர் சோலின் மேயரே பதவி விலகிய நாடு அது. இயற்கைக் காய்க்கு ஆகும் கூடுதல் விலையை அங்கே உள்ளாட்சிகள் ஏற்கின்றன. இங்கே அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை அரசிடமிருந்து வந்துவிடும். காய்கறியை மட்டும் அமைப்பாளர் தலைக்கு இவ்வளவு என்று வரும் சொற்பக் காசில் உள்ளூரில் வாங்க வேண்டும். அவரிடம் போய்ச் சான்றிதழ் கேட்காதீர்கள்.

எந்தக் காய் என்று கேளுங்கள். கத்தரியில் காய்ப்புழு விழும், அதனால் மருந்து மேல் மருந்து அடிப்பார்கள். வெண்டை, காலிஃபிளவரும் அப்படித்தான். வீட்டோரத்து முருங்கைக்கு யார் மருந்தடிக்கிறார்கள்? வேலியில் படர்ந்த சுரைக்கும் பூசணிக்கும்? பள்ளி வளாகத்தில் இரண்டு முருங்கையும் நாலு பப்பாளியும் வைக்க எந்த அரசாணைக்காகக் காத்திருக்கிறீர்கள்?

அப்புறம், முட்டை. அவர்கள் கேட்டது நியாயம். அடுத்த கூட்டத்தில் முதலில் அதை நீங்களே எழுப்புங்கள். பிறகு எந்தத் தோட்டத்தில் எப்போது மருந்தடித்தார்கள், யார் வீட்டில் என்ன காய் இருக்கிறது என்று அந்த அம்மாக்களைச் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலை எனக்கும் அனுப்புங்கள்.