வீட்டு லவ் பேர்ட்ஸைப் பென்சிலால் வரையப் பழகுவது எப்படி?

எத்தனை முறை வரைந்தாலும் கோழிக்குஞ்சாகவே வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இறகிலிருந்து தொடங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

2022 மார்ச் கடைசி. கொழும்பில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் மின்விசிறியும் இல்லை, கைத்தொலைபேசியில் சார்ஜும் இல்லை. பல்கனிக் கூண்டில் எங்கள் நீலன் இருந்தான்; நம்மூரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் பட்ஜரிகர் கிளி. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன காலம் அது. பழைய கலண்டர் தாள்களின் பின்புறத்தில் வரைந்தேன்.

பகலில் அவன் ஒரு நொடி ஓயமாட்டான். வெளிச்சம் மங்கும்போது உடலை உப்பிக்கொண்டு, ஒரு காலை வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொண்டு கண்ணயர்வான். அந்த இருபது நிமிடந்தான் எனக்கு வகுப்பு. ஒரு முட்டை வடிவம், கழுத்தே தெரியாமல் அதன்மேல் அமர்ந்த தலை, வாலுக்கு ஒரு சாய்ந்த கோடு. எச்பி பென்சிலால் ஒரு வாரம் இது மட்டும்.

எட்டாம் நாள் அவனுடைய கால்களை வரைந்தேன்: முன்னே மூன்று விரல், பின்னே ஒன்று. அம்மா பார்த்துவிட்டு, "இது காகத்தின் கால் அல்லவா, பிள்ளை?" என்றார். கூண்டருகே போய்க் குனிந்தேன். முன்னே இரண்டு, பின்னே இரண்டு. குச்சியை இடுக்கிபோலப் பற்றியிருந்தான். நான்கு வருடம் தினமும் தினை வைத்த கை என்னுடையது. அன்றுதான் அதைக் கண்டேன்.

உங்கள் படம் கோழியாவது அலகினால்தான். அதை வெளியே நீட்டாதீர்கள். மேலலகு முகத்து இறகுக்குள் பாதி புதைந்து கீழே வளைகிறது. கீழலகு அநேகமாகத் தெரியாது. அலகுக்கு மேலே மூக்குத்துளைகள் உள்ள வழவழப்பான சதைப்பட்டையை 2பி பென்சிலால் மெல்லப் பூசுங்கள். கண்மணியில் ஒளிப்புள்ளியை வெள்ளையாக விட்டு மற்றதை 6பி பென்சிலால் கறுப்பாக்குங்கள். வளர்ந்த பறவையென்றால் சுற்றிலும் மெல்லிய வெளிறிய வளையம் ஒன்று இருக்கும். தலையின் பின்புற வரிகளும் தொண்டைப் புள்ளிகளும் கடைசியில்.

புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் என்ன என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வரையுங்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் என்னிடம் நீலனின் படங்கள் எத்தனையோ இருந்தன. அந்தக் கால்விரல்கள் அவற்றிலும் இருந்தன. கூண்டில் அடைப்பது பாவம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இவை அவுஸ்திரேலியப் பறவைகள், தலைமுறைகளாகக் கூண்டில் பிறந்தவை. கொழும்புக் காகங்களுக்கு நடுவே திறந்துவிட எனக்கு மனம் வராது.

இதையெல்லாம் பள்ளியிலேயே கற்றிருக்கலாம். பத்தாம் தரத்தில் எங்கள் சித்திரப் பாடவேளைகளைக் கணிதத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். சித்திர ஆசிரியை கொப்பிகளை மார்போடு அணைத்தபடி வகுப்பு வாசல்வரை வந்து, உள்ளே கரும்பலகையில் சமன்பாடு எழுதப்படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஒரு முறையல்ல, அந்தத் தவணை முழுவதும். அவருக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட.