யாழ்ப்பாணத்திலிருந்து வேலூருக்குப் படிக்க வருகிறேன். சென்னையில் இறங்கி எப்படி வருவது, ஊருக்குள் எப்படிப் போய்வருவது?

டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கல்லூரியும் விடுதியும் பாலாற்றுக்கு எந்தப் பக்கம்? வெளியூர்க்காரர்களுக்கு எல்லாமே வேலூர்தான். எங்களுக்கு ஆற்றுக்கு வடக்கே காட்பாடி, தெற்கே வேலூர். விஐடி பல்கலைக்கழகம் காட்பாடிப் பக்கம். கோட்டை, சிஎம்சி மருத்துவமனை, பழைய பஸ் ஸ்டாண்ட், புது பஸ் ஸ்டாண்ட் எல்லாம் வேலூர்ப் பக்கம். சிஎம்சியின் மருத்துவக் கல்லூரி இன்னும் தெற்கே தள்ளி, பாகாயத்தில்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. விருதம்பட்டில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று வருஷம் குடியிருந்த தம்பி உங்கள் ஊர்க்காரர்தான். முதல்முறை வந்தபோது வேலூர் என்ற பெயரைப் பார்த்து, சென்னை பீச்சிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட்டுக்கு டிக்கெட் எடுத்து பாசஞ்சர் வண்டியில் ஏறிவிட்டார். ஒவ்வொரு ஊராக நின்று நின்று வரும் வண்டி அது. காட்பாடியில் பாதிப் பெட்டி காலியானபோதும், வேலூர் இன்னும் வரவில்லையே என்று உட்கார்ந்தே இருந்திருக்கிறார். அவர் சேரவேண்டிய விடுதி அந்தக் காட்பாடியிலேயே இருந்தது. வண்டி ஆற்றைத் தாண்டிக் கண்டோன்மென்ட்டில் இறக்கிவிட்டபோது இரவாகிவிட்டது. ஒரு கையில் பெட்டி, மறு கையில் அம்மா கட்டிக்கொடுத்த மிளகாய்த்தூள் பொதி. ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்துவிட்டு, கடந்துவந்த அதே ஆற்றைத் திரும்பக் கடந்து போனார். அந்த இரவைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் அவர் குரல் இறங்கிவிடும்.

அதனால் நீங்கள் எடுக்கவேண்டிய டிக்கெட் காட்பாடி சந்திப்புக்கு. வேலூர்ப் பக்கம் போகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதுதான் வசதி. சென்னை விமான நிலையத்துக்குள்ளேயே மெட்ரோ இருக்கிறது. நீல வழித்தட வண்டியில் ஏறினால் மாறாமல் சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து பெங்களூரு, கோவைப் பக்கம் போகும் பகல்நேர எக்ஸ்பிரஸ்கள் பல காட்பாடியில் நிற்கும். பிருந்தாவன், லால்பாக் எல்லாம் அப்படித்தான். தூரம் சுமார் 130 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நிற்பது ஓரிரு நிமிஷம்தான். திருவலத்தில் பொன்னையாற்றுப் பாலம் தடதடக்கும்; அந்தச் சத்தம் கேட்டதும் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுங்கள். இரவு விமானம் என்றால் சென்னையிலேயே தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். அவசரப்பட்டு நள்ளிரவில் வந்து இறங்க வேண்டாம்.

ஊருக்குள் போய்வர காட்பாடி–பாகாயம் டவுன் பஸ் ஒன்று போதும். விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம், பழைய பஸ் ஸ்டாண்ட் என்று ஊரின் முதுகெலும்பு மேலேயே ஓடும். அரசு பஸ்ஸும் உண்டு, தனியார் பஸ்ஸும் உண்டு. அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021லிருந்து கட்டணம் கிடையாது, தனியாரில் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். பத்து ரூபாய், இருபது ரூபாய்த் தாள்களைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஷேர் ஆட்டோவும் இதே சாலையில் ஓடும். தனி ஆட்டோ என்றால் ஏறுவதற்கு முன்பே கூலியைப் பேசிவிடுங்கள், உட்கார்ந்தபின் பேச்சு எடுபடாது. சாயங்காலம் கிரீன் சர்க்கிள் சாலைச் சந்திப்பில் வண்டிகள் நெரியும். ரயிலைப் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் அரைமணி முன்னதாகக் கிளம்புங்கள்.

பேச்சைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்தத் தம்பி முதல் வாரத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டு "இறக்கம்!" என்று சத்தம் போட்டிருக்கிறார். கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "இன்னாப்பா, இங்க ஏது எறக்கம்? ரோடு சமமாத்தான போயினு இருக்குது" என்றாராம். இங்கே "ஸ்டாப்பிங், எறங்கணும்ணா" என்றால் நிற்கும். உள்ளே தள்ளி நிற்கச் சொல்ல "போயினே இரு, போயினே இரு" என்பார்கள். அதட்டல் மாதிரி காதில் விழும், ஆனால் கோபமில்லை, வடாற்காட்டுப் பேச்சே அப்படித்தான். நீங்கள் "கதைச்சால்" கடைக்காரர்கள் நின்று கேட்பார்கள், எந்த ஊர் என்று விசாரிப்பார்கள். தயங்காமல் பேசுங்கள். வழி கேட்டால் கூடவே நடந்துவந்து காட்டுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். சிஎம்சிக்கு வடக்கிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வரும் நோயாளிகளால் காந்தி ரோட்டில் வங்காள எழுத்துப் பலகைகளே தொங்கும். வெளியூர் முகம் எங்களுக்குப் புதிதில்லை.

விசா 180 நாளுக்கு மேல் என்றால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவை இணையத்தில் செய்துவிடவேண்டும். கல்லூரி அலுவலகத்தில் முதல் நாளே கேளுங்கள். இங்கே வாங்கும் சிம் உயிர்பெறக் கொஞ்சம் நேரம் எடுக்கலாம், அதுவரைக்கும் உங்கள் ஊர் எண்ணில் ரோமிங் போட்டுக்கொண்டு வாருங்கள். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும். நண்பகலில் பஸ்ஸுக்காக வெயிலில் நிற்காதீர்கள்.

"ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு" என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள். கோட்டைக்குள் இருக்கும் கோயிலுக்கு 1981ல் சாமி திரும்ப வந்தாயிற்று. ஆற்றில் 2021 நவம்பரில் கரைபுரண்ட வெள்ளத்தைப் பாலத்தில் நின்று நானே பார்த்தேன். கோட்டையில் ஒரு ராஜா இருந்தார், அவரும் உங்கள் தீவிலிருந்து வந்தவர். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன். 1815ல் பிரிட்டிஷார் பிடித்து, 1816ல் இங்கே கொண்டுவந்து சிறைவைத்தார்கள், 1832ல் இங்கேயே இறந்தார். அவர் சமாதி இருக்கும் முத்து மண்டபம் வேலூர்ப் பக்கம் பாலாற்றங்கரையில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் போய்வாருங்கள். மாடித் தம்பி ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போவார்.